எங்கள் எம்.பி.யின் மசோதாக் கணக்கு: மூன்று வார இறுதிகளும் ஓர் எக்செல் ஷீட்டும்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு போஸ்டர் போட்டார். ‘நம் எம்.பி. கொண்டுவந்த சட்டங்கள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே ஏழு பெயர்கள், ஓரத்தில் கைகூப்பிய படம். சித்தப்பா கட்சிக்காரர், போஸ்டர் போடுவதில் அதிசயம் இல்லை. ‘சட்டங்கள்’ என்ற சொல்தான் உறுத்தியது. அமைச்சராக இல்லாத ஒருவர் ஏழு சட்டம் கொண்டுவந்துவிட்டாரா? சுதந்திர இந்தியாவில் அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவந்து சட்டமானவை மொத்தமே 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். இதைக் குழுவில் சொன்னதும் சித்தப்பா, “டேய், வாயாலே பேசாதே, கணக்கு காட்டு” என்றார். சரி, காட்டுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தது மூன்று வார இறுதிகளைத் தின்றது.

எக்செல்லில் இரண்டு தாள் திறந்தேன். ஒன்று, அவரே கொண்டுவந்த மசோதாக்கள். இன்னொன்று, மற்றவர்கள் கொண்டுவந்து அவர் ஆதரித்தவை அல்லது எதிர்த்தவை. இந்தப் பிரிப்பு அமெரிக்கக் காங்கிரஸைப் பார்த்து வந்த ஆசை. அங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் கொண்டுவந்தவர் ஒருவர் இருப்பார், கூடச் சேர்ந்தவர்கள் என்று ஒரு தனிப் பட்டியல் இருக்கும். யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், யார் பிறகு விலகினார் என்பதுவரை இணையத்தில் கிடைக்கும். நம் நாடாளுமன்றத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. இங்கே அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவதைத் தனிநபர் மசோதா என்பார்கள், அதில் ஒரே பெயர்தான். இது இரண்டாம் வாரம்தான் உறைத்தது, அதற்குள் முதல் தாளோடு மல்லுக்கட்டு.

முதல் தாள் சுலபமாகத்தான் தொடங்கியது. நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் மசோதாக்களை அவை வாரியாக, அரசு மசோதா தனிநபர் மசோதா என்று பிரித்துத் தேடலாம். நாடாளுமன்ற வேலைகளை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பின் பக்கத்தில் ஒவ்வொரு எம்.பி.க்கும் வருகை, கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் என்று எண்ணிக்கை இருக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்த்தேன். எங்கள் எம்.பி. 2019இல் வென்று 2024இலும் வென்றவர். ஆகவே 17ஆவது, 18ஆவது மக்களவை இரண்டையும் தேட வேண்டியிருந்தது.

முதல் தடுக்கல் பெயர். நம் ஊர்ப் பெயருக்கு இனிஷியல் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சிலர் இடையில் அப்பா பெயரை முழுதாக விரித்துக்கொள்வார்கள். அவையில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பழைய பட்டியல்களில் குடும்பப் பெயர் முதலில், அப்புறம் காற்புள்ளி, அப்புறம் ‘ஸ்ரீ’, கடைசியில் சொந்தப் பெயர் என்று இருக்கும். குடும்பப் பெயரே இல்லாத நம்மவர்கள் அந்தப் பெட்டிக்குள் எப்படியோ மடக்கி உட்கார வைக்கப்பட்டிருப்பார்கள். இவர் பெயரை நான்கு விதமாகத் தட்டித் தேடினேன். முதல் விதத்தில் ஐந்து மசோதா கிடைத்தது, நான்கையும் சேர்த்ததும் ஒன்பது ஆனது. முதல் தேடலோடு நிறுத்தியிருந்தால் அவருக்குச் சேர வேண்டிய நாலு மசோதா காணாமல் போயிருக்கும், சித்தப்பா என்னைத் தோலுரித்திருப்பார்.

அடுத்த தடுக்கல் தலைப்பு. மசோதாவின் பெயரை வைத்து வரிசைகளை அடையாளம் காணலாம் என்று நினைத்தது தப்பு. ‘அரசியலமைப்பு (திருத்த) மசோதா’ என்ற பெயரில் ஒரே ஆண்டில் பல உறுப்பினர்கள் தனித்தனியாகக் கொண்டுவருவார்கள். எந்த உறுப்பைத் திருத்துகிறார்கள் என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். என் ஷீட்டில் ‘இரட்டைப் பதிவுகளை நீக்கு’ என்ற பொத்தானை அழுத்தியபோது, இரட்டையே இல்லாத மூன்று மசோதாக்கள் ஒன்றாகிவிட்டன. காப்பி எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

பிறகு அவை, ஆண்டு, எண் மூன்றையும் ஒட்டி ஒரு அடையாளம் வைத்தேன். குடியுரிமைத் திருத்த மசோதா என்றால் ‘மக்-2019-370’. அவை நிறைவேற்றிய பிறகு வரும் பிரதியில் அதே எண் ‘370-சி’ ஆகிவிடும் என்பதால் கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்தைத் தனிக் கட்டத்தில் போட்டேன். மாநிலங்களவையில் அறிமுகமாகும் மசோதாக்களுக்கு ரோமன் எண். அதை எழுத்தென்று நினைத்துக்கொண்டு எக்செல் அகர வரிசையில் அடுக்க, ஒன்பதாம் மசோதா ஐந்தாவதற்கு முன்னால் போய் நின்றது. எல்லாவற்றையும் சாதாரண எண்ணாக மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது, அதைப் போட்டதும் அடங்கியது.

ஆண்டிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். தனிநபர் மசோதாவுக்கு ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அது வரிசையில் காத்திருக்கும். தலைப்பில் 2022 என்று இருக்கும் மசோதா 2023இல் அறிமுகமாகியிருக்கலாம். மசோதாவின் கடைசியில் ‘நோக்கங்களும் காரணங்களும்’ பகுதிக்குக் கீழே புதுடெல்லி என்று போட்டு ஒரு தேதியும் உறுப்பினர் பெயரும் இருக்கும். அதை அறிமுகத் தேதி என்று நான் நாலு வரிசைகளில் நிரப்பிவிட்டேன். அது கையெழுத்திட்ட தேதி. அறிமுகத் தேதிக்கு, அவையின் அன்றாட நடவடிக்கைக் குறிப்பான புல்லட்டினின் முதல் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

அரசு மசோதாக்களிலும் இதே கதை. வக்பு திருத்த மசோதா 2024ஆம் ஆண்டுப் பெயரில் வந்து 2025ஆம் ஆண்டுச் சட்டமானது. அரசியலமைப்புத் திருத்தங்கள் இன்னும் மோசம், எண்ணே மாறிவிடும். மகளிர் இடஒதுக்கீட்டுக்கு வந்தது 128ஆவது திருத்த மசோதா, ஆனது 106ஆவது திருத்தச் சட்டம். பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 சதவீத ஒதுக்கீடு 124ஆவது மசோதா, 103ஆவது சட்டம். ஜி.எஸ்.டி. 122ஆவது மசோதா, 101ஆவது சட்டம். அறிமுகமானதெல்லாம் நிறைவேறுவதில்லை, நிறைவேறியதற்கு மட்டும்தான் சட்ட எண். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டேன். நம்மிடம் இந்த எண்களைக் குழப்பாத தொலைக்காட்சி விவாதம் அபூர்வம்.

இப்போது சித்தப்பாவின் ஏழு. போஸ்டரில் இருந்த ஏழில் ஆறு உண்மையிலேயே மசோதா. ஏழாவது மசோதாவே இல்லை, அது ஒரு தனிநபர் தீர்மானம். வெள்ளிக்கிழமை அமர்வின் கடைசி இரண்டரை மணி நேரம்தான் தனிநபர் அலுவலுக்கு. அதில் ஒரு வாரம் மசோதா, மறு வாரம் தீர்மானம். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் போஸ்டர் அடித்தவர் குழம்பியிருக்கலாம். போஸ்டரில் இல்லாத மூன்று மசோதாக்கள் என் தேடலில் கிடைத்தன. ஆக மொத்தம் ஒன்பது.

ஒன்பதில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். பனைத் தொழிலாளர்களுக்கு நலநிதி கேட்கும் மசோதா, பத்துப் பக்கத்துக்குள் அடங்கும். முதலில் பெயர், எந்த நாளிலிருந்து நடைமுறை, சொல் விளக்கங்கள். நடுவில் நிதியை யார் நிர்வகிப்பது, யாருக்கு எவ்வளவு. அப்புறம் நோக்கங்களும் காரணங்களும், ஒரு பக்கம். அதை அவரே எழுதினாரோ உதவியாளர் எழுதினாரோ, மரம் ஏறி விழுந்தவருக்குக் காப்பீடு கிடைக்காத கதை நன்றாகவே சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் நிதிக் குறிப்பு. இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுக்குச் சுமாராக இவ்வளவு செலவாகும் என்று ஒரு தொகை.

அந்தக் குறிப்பை முதல் வாசிப்பில் தாண்டிவிட்டேன். தாண்டக் கூடாது, மசோதாவின் கழுத்து அங்கேதான் இருக்கிறது. அரசுப் பணம் செலவாகும் மசோதாவை, குடியரசுத் தலைவர் பரிந்துரைத்தால் ஒழிய, அவை நிறைவேற்ற முடியாது என்கிறது அரசியலமைப்பின் 117ஆவது உறுப்பு. குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் மத்திய அமைச்சரவை. எதிர்க்கட்சி எம்.பி. நலநிதி கேட்டு மசோதா போடலாம், ஆனால் பூட்டின் சாவி அரசிடம். ஆகவே ‘நிதிக் குறிப்பு உண்டா’, ‘பரிந்துரை வந்ததா’ என்று இரண்டு கட்டம் சேர்த்தேன். ஒன்பதில் ஐந்துக்கு நிதிக் குறிப்பு இருந்தது.

‘நிலை’ என்ற கட்டத்தில் முதலில் ‘நிறைவேறியது, நிறைவேறவில்லை’ என்று இரண்டே விடை வைத்திருந்தேன். போதவில்லை. அறிமுகமாகி நிற்பது, விவாதத்துக்கு எடுக்கப்பட்டுப் பாதியில் நிற்பது, உறுப்பினரே திரும்பப் பெற்றது, அவை நிராகரித்தது, காலாவதியானது என்று ஐந்தாறு ஆனது. தனிநபர் மசோதாக்களில் வழக்கமான முடிவு காலாவதிதான். 17ஆவது மக்களவை 2024 ஜூன் 5 அன்று கலைக்கப்பட்டது. அன்று மக்களவையில் நிலுவையில் இருந்த மசோதா எல்லாம் ஒரே அடியில் போயிற்று. எங்கள் எம்.பி.யின் ஒன்பதில் ஏழு அப்படிப் போனவை. மீதி இரண்டும் இப்போதைய அவையில் அறிமுகமாகி நிற்கின்றன. அந்த இரண்டில் ஒன்று, போன அவையில் காலாவதியான அதே பனைத் தொழிலாளர் மசோதா, ஆண்டை மட்டும் மாற்றி. அதைப் புது மசோதா என்று எண்ணுவதா, பழையதின் மறுபிறவி என்று எண்ணுவதா? இரண்டாகவே எண்ணி, ‘முந்தைய எண்’ என்ற கட்டத்தில் இணைத்தேன்.

மாநிலங்களவையில் இது வேறு. அந்த அவை கலைக்கப்படுவதில்லை. அங்கே தொடங்கி அங்கேயே நிற்கும் மசோதா, மக்களவைத் தேர்தல் வந்தாலும் காலாவதி ஆகாது. அங்கே நிறைவேறி மக்களவைக்கு வந்து நின்றால் மட்டும் ஆபத்து. ஷீட் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, கதை தெரிந்த ஒரு மாநிலங்களவை மசோதாவைப் போட்டுப் பார்த்தேன். திருச்சி சிவா 2014 டிசம்பரில் அறிமுகம் செய்த திருநர் உரிமைகள் மசோதா. 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று அவையைத் தாண்டியது பெரிய செய்தி ஆனது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. அரசு தன் பங்குக்கு வேறு மசோதா கொண்டுவந்து, 2019இல் அது சட்டமானது. என் ஷீட்டில் சிவாவின் வரிசை ‘தோல்வி’ என்று சிவப்பில் வந்து நின்றது. அந்தச் சிவப்பு அநியாயமாகப் பட்டது. ‘பின்விளைவு’ என்று ஒரு கட்டம் சேர்த்து, அரசுச் சட்டத்தின் பெயரை அதில் எழுதினேன். மசோதாவின் கணக்கை வெற்றி தோல்வி என்ற இரண்டு நிறத்தில் போட்டால் இந்த மாதிரி ஆட்கள் அடிபட்டுப் போகிறார்கள்.

இந்த இடத்தில் அந்த 14 சட்டங்களில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நாடாளுமன்றத்தில் பேசப்படுவதைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிடலாம் என்று பாதுகாப்புத் தரும் சட்டம் 1956இல் வந்தது. அது ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா. நெருக்கடி நிலையில் அதை ரத்து செய்தார்கள், 1977இல் திரும்ப வந்தது.

இரண்டாம் வார இறுதி, இரண்டாம் தாள். இங்கேதான் பெரிய தப்பு செய்தேன். அரசு மசோதாக்களில் நாற்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்று நிரப்பினேன். ஆதாரம் என்ன? அவருடைய கட்சி அன்று என்ன நிலை எடுத்தது என்ற பத்திரிகைச் செய்தி. இரண்டு மணி நேரத்தில் தாள் நிரம்பி அழகாக இருந்தது. பச்சையும் சிவப்புமாகப் படம்கூடப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வரிசையைச் சும்மா சரிபார்த்தேன். 2023 டிசம்பரில் வந்த குற்றவியல் மசோதாக்கள். ஆகஸ்டில் அறிமுகமானவற்றை அரசு டிசம்பரில் திரும்பப் பெற்று, ‘இரண்டாவது’ என்று பெயரில் சேர்த்துப் புதிதாகக் கொண்டுவந்தது. ஆகவே நான் போட்டிருந்த மசோதா எண்ணே தப்பு, அது திரும்பப் பெற்ற மசோதாவின் எண். அதைத் திருத்தப் போனால் அடுத்த அடி. டிசம்பர் 20 அன்று மக்களவை அவற்றைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் எம்.பி. பெயர் இருந்தது. அவர் அவைக்குள்ளேயே இல்லை! என் ஷீட்டில் மட்டும் ‘எதிர்ப்பு’ என்று சிவப்பில் ஓட்டுப் போட்டிருந்தார்.

நாற்பது வரிசையையும் அழித்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு, ஒரு விதி எழுதி தாளின் தலையில் ஒட்டினேன்: பெயர் இருந்தால் மட்டும் நிரப்பு.

அந்த விதிப்படி தேடினால் பெயர் எங்கே கிடைக்கும்? பெரும்பாலான மசோதாக்களில் எங்குமே கிடைக்காது. நம் சட்டமன்றத்தில் கேட்டுப் பழகிய வாக்கியம்தான் அங்கேயும். ஆதரிப்போர் ‘ஆம்’ என்க, எதிர்ப்போர் ‘இல்லை’ என்க, ‘ஆம்’ என்போரே அதிகம், நிறைவேறியது. யார் ஆம் என்றார், யார் சும்மா இருந்தார் என்று எந்தத் தாளிலும் இருக்காது. யாராவது உறுப்பினர் டிவிஷன், அதாவது எண்ணி எடுக்கும் ஓட்டு, கேட்டு, அது நடந்தால்தான் பெயர் பெயராகப் பட்டியல் வரும். 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்தது நினைவிருக்கும். நாடு முழுக்கக் கொந்தளித்த ஒரு சட்டத்துக்கு, தனித்தனி உறுப்பினர் என்ன செய்தார் என்ற பதிவு அந்த அவையில் இல்லை.

டிவிஷன் கட்டாயம் என்பது அரசியலமைப்புத் திருத்தங்களுக்குத்தான், அங்கே சிறப்புப் பெரும்பான்மையை எண்ணிக் காட்ட வேண்டும். ஆகவே அந்த வரிசைகள் எனக்குத் தங்கம். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டுக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. பட்டியலில் எங்கள் எம்.பி. பெயர் ‘ஆம்’ பக்கம் இருந்தது. தாளில் முதல் பச்சை. வக்பு மசோதா சாதாரண மசோதாதான், ஆனால் டிவிஷன் நடந்தது. மக்களவையில் 288-232, மாநிலங்களவையில் 128-95. அதிலும் பெயர் கிடைத்தது.

எண்ணிக்கை கிடைத்ததும் அவசரப்பட்டுப் பதியக் கூடாது என்று கற்றுக்கொடுத்தது 2024 டிசம்பர் 17. ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129ஆவது திருத்த மசோதாவை அறிமுகம் செய்யலாமா என்றே ஓட்டு நடந்தது. மின்னணுப் பலகையில் முதலில் வந்தது 220-149. பொத்தான் சரியாகப் பதியாதவர்களும் மாற்ற வேண்டியவர்களும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், அதைச் சேர்த்ததும் 269-198 ஆனது. பலகையில் வரும் முடிவுக்கு ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்று அவைத் தலைவர் சொல்வது சும்மா சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். விவாத நூலில் அச்சாகும் பட்டியலில், சீட்டு மூலம் ஓட்டுப் போட்டவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். நான் அந்தப் பட்டியலை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன், அன்றைய இரவுச் செய்தியை அல்ல.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒரே மசோதாவுக்கு ஒரே ஓட்டு இல்லை. அறிமுகம், பரிசீலனை, ஒவ்வொரு பிரிவு, உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள், கடைசியில் நிறைவேற்றம் என்று பல ஓட்டு. ஒருவர் திருத்தம் கொடுத்து, அது தோற்று, கடைசியில் மசோதாவை ஆதரித்திருக்கலாம். ஆகவே ‘எந்தக் கட்டத்து ஓட்டு’ என்று தனிக் கட்டம் போட்டேன். அறிமுகத்தை எதிர்ப்பது தனிநபர் மசோதாவில் அபூர்வம். ஆனால் 2022 டிசம்பர் 9 அன்று மாநிலங்களவையில் கிரோடி லால் மீனா பொது சிவில் சட்டத் தனிநபர் மசோதாவை எடுத்தபோது, அறிமுகத்துக்கே டிவிஷன் நடந்து 63-23 என்று முடிந்தது. பட்டியலைப் பார்த்தால், ஓட்டுப் போடாமல் அன்று எங்கோ இருந்தவர்கள்தான் ஏராளம்.

ஓட்டு கிடைக்காத இடத்தில் பேச்சைப் பிடித்தேன். விவாதத்தில் ‘இந்த மசோதாவை ஆதரித்துப் பேச எழுகிறேன்’ என்று தொடங்கினால் அது பெயரோடு உள்ள பதிவு. தமிழில் பேசினால் விவாத நூலில் ஆங்கில மொழிபெயர்ப்பு வரும், ‘முதலில் தமிழில் ஆற்றிய உரை’ என்று அடிக்குறிப்பு இருக்கும். எங்கள் எம்.பி. பாதி தமிழில்தான் பேசுகிறார். அந்த அடிக்குறிப்பை வைத்தே அவர் பேச்சுகளை வேகமாகக் கண்டுபிடிக்க முடிந்தது. படித்ததில் ஒன்று மறக்காது. ஒரு துறைமுக மசோதாவை ஆதரிக்கிறேன் என்று எழுந்தவர், ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடம் எங்கள் ஊரில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்க வேண்டும் என்று பேசினார். மணி அடித்தார்கள். ‘ஆகவே மசோதாவை ஆதரித்து அமர்கிறேன்.’ பச்சைதான் போட்டேன், ஆனால் குறிப்பில் ‘ரயில்’ என்று எழுதி வைத்தேன்.

வெளிநடப்பு பெரிய தலைவலி. விவாத நூலில் அடைப்புக்குறிக்குள், ‘இந்தக் கட்டத்தில் இன்னாரும் வேறு சில உறுப்பினர்களும் அவையை விட்டு வெளியேறினர்’ என்று வரும். இன்னார் என்பது கட்சித் தலைவர். ‘வேறு சில’ரில் எங்கள் எம்.பி. இருந்தாரா? தெரியாது. வருகைப் பதிவேடு உதவுமா என்று பார்த்தேன், அது அன்று ஏதோ ஒரு நேரத்தில் வந்தார் என்பதை மட்டும் சொல்கிறது. மாலை ஓட்டின்போது உள்ளே இருந்தாரா என்பதற்கு அது சாட்சி இல்லை. அமைச்சர்கள் பதிவேட்டில் கையெழுத்திடுவதே இல்லை.

இன்னும் இரண்டு நல்ல இடங்கள் உண்டு. அவசரச் சட்டத்துக்குப் பதிலாக வரும் மசோதாவோடு, அந்த அவசரச் சட்டத்தை ஏற்கவில்லை என்று உறுப்பினர் பெயரில் தீர்மானம் வரும். நிலைக்குழு, கூட்டுக்குழு அறிக்கைகளின் பின்னால் மாறுபட்ட கருத்துக் குறிப்புகள் பெயரோடு இணைக்கப்பட்டிருக்கும். எங்கள் எம்.பி. ஒரு நிலைக்குழுவில் இருக்கிறார். அறிக்கையின் நூற்றுச் சொச்சம் பக்கத்தைத் தாண்டிக் கடைசியில் அவர் எழுதிய ஒன்றரைப் பக்கக் குறிப்பு இருந்தது. அவர் போஸ்டர்களில் இதைப் போடுவதே இல்லை. ஒன்பது மசோதாக்களைவிட அந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

ஓட்டில் தனி மனிதரைத் தேடுவதற்கே ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அரசு மசோதாவில் அவர் போட்ட பச்சையோ சிவப்போ பெரும்பாலும் கட்சியின் நிறம். ‘கொறடா உத்தரவு இருந்ததா’ என்று கட்டம் போட ஆசைப்பட்டுத் தேடினேன். எல்லா மசோதாவுக்கும் அது வெளியில் தெரிவதில்லை, விட்டுவிட்டேன்.

மூன்றாம் வார இறுதி முழுக்கச் சுத்தம் செய்யும் வேலை. காலிக் கட்டங்கள்தான் பிரச்சினை. காலி என்றால் நான் இன்னும் தேடவில்லையா, தேடியும் பதிவு இல்லையா, அவர் அன்று இல்லையா என்று பார்ப்பவருக்குப் புரியாது. ஆகவே காலியே விடக் கூடாது என்று முடிவு செய்து ஆறு சொற்கள் வைத்தேன்: ‘ஆம்’, ‘இல்லை’, ‘ஓட்டுப் பட்டியலில் பெயர் இல்லை’, ‘சஸ்பெண்ட்’, ‘குரல் வாக்கு, பதிவு இல்லை’, ‘பார்க்கவில்லை’. பட்டியலிலிருந்து மட்டுமே தேர்வு செய்யும்படி பூட்டினேன். ஆதாரக் கட்டத்தில் புல்லட்டின் தேதியோ விவாதத் தேதியோ இல்லாவிட்டால் அந்த வரிசை மஞ்சளாகும்.

நாற்பது அரசு மசோதாக்களின் முடிவு: பெயரோடு ஓட்டு கிடைத்தவை ஆறு. பேச்சு மூலம் நிலை தெரிந்தவை ஒன்பது. சஸ்பெண்ட் மூன்று. மீதி 22இல் ‘குரல் வாக்கு, பதிவு இல்லை’. பச்சையும் சிவப்புமாக இருந்த என் அழகான படம் இப்போது பாதிக்கு மேல் சாம்பல்.

புதுப்பிப்பதற்கு வழக்கம் ஒன்று வைத்திருக்கிறேன். கூட்டத்தொடர் நடக்கும்போது வெள்ளிக்கிழமை காலை அலுவல் பட்டியலில் தனிநபர் மசோதாக்கள் இருக்கிறதா என்று பார்ப்பது, சனிக்கிழமை புல்லட்டினைப் பார்த்து நிரப்புவது. பத்து நிமிட வேலை. அமளியில் அவை ஒத்திவைக்கப்படும் வெள்ளிக்கிழமைகளில் அதுவும் மிச்சம்.

ஷீட்டைக் குழுவில் போட்டேன். சித்தப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் போன் செய்தார்.

“ஒன்பதாடா? போஸ்டர்ல ஏழுதானே போட்டோம்?”

“ஆறுதான் சித்தப்பா. ஒண்ணு தீர்மானம். விட்டுப்போனது மூணு.”

“சரி, அந்த மூணோட பேரை அனுப்பு.”

அனுப்பினேன். சட்டம் என்று போடாதீங்க, மசோதா என்று போடுங்க என்று கூடவே எழுதினேன். இரண்டு நாளில் புது போஸ்டர் வந்தது. ஒன்பது தலைப்பு, அதே கைகூப்பிய படம், மேலே ‘நம் எம்.பி. கொண்டுவந்த மசோதாக்கள்’. காலாவதி என்ற சொல் எங்கும் இல்லை.

அதன் கீழே சித்தப்பா எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி போட்டிருந்தார்: “பக்கத்துத் தொகுதிக்காரனுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு.”